பின்பக்கத்துச் சுவிட்ச்

பனோச்சா கிண்டுகிற வீட்டில் சண்டை இருந்தால் களி இறுகாது என்பாள் என் மாமியார். அந்தப் பெரிய வியாழனன்று ஒஃபீலியாவின் அடுப்பில் அது கூழாகவே கிடந்தது. முளைகட்டிய கோதுமை மாவும் சர்க்கரைப் பாகும் சேர்த்து நானும் அவளும் மாறி மாறிக் கிண்டினோம். மறுநாள் பெரிய வெள்ளிக்குத் தட்டுத் தட்டாக அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போக வேண்டிய பண்டம்.

"மாவு சரியில்ல கொமாத்ரே" என்றாள் ஒஃபீலியா.

மாவு நன்றாகத்தான் இருந்தது. வீடுதான் சரியில்லை.

அவள் என்னைக் கொமாத்ரே என்று கூப்பிடுவது அவள் மகள் லியாண்ட்ராவுக்கு நான் ஞானத்தாய் என்பதால். வாய்க்கால் சந்தின் கடைசியில் இரண்டே வீடுகள், அவர்களுடையதும் என்னுடையதும். சந்தைத் தாண்டினால் மிளகாய் வயல், வயலைத் தாண்டினால் சிமாயோ போகிற சாலை. காலையிலிருந்தே அந்தச் சாலையில் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் கூட்டம். ஏப்ரல் காற்று புழுதியை வாரி இறைத்தது. வாசலில் நின்ற ஆப்ரிகாட் மரத்தின் பூவில் பாதி என் சமையலறைத் தரையிலும் பாதி அவள் சமையலறைத் தரையிலும் கிடந்தது.

சண்டை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நடந்தது. வாங்கிப் போன சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் நான். பீன்ஸும் சிவப்பு மிளகாய்ச் சாறும் மேசையில் ஆறிக்கொண்டிருந்தன. ஒருவரும் கை வைக்கவில்லை.

"படிப்பா, காரா? ஒண்ணைச் சொல்லு" என்றார் லியாண்ட்ராவின் அப்பா அமாதோ.

"ரெண்டும்தான்."

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்."

"எனக்கு ரெண்டு கால் இருக்கேப்பா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒஃபீலியா முறைத்தாள்.

லியாண்ட்ராவுக்கு நர்ஸ் படிப்பில் அது கடைசிப் பருவம். சனி ஞாயிறு முழுக்க முதியோர் இல்லத்தில் வேலை, அந்தச் சம்பளத்தில்தான் கல்லூரிக் கட்டணம். அதில் ஏதாவது மிஞ்சினால் கொட்டகையில் நிற்கிற ஊதாக்காரிக்குப் போகும். எழுபத்தொன்பதாம் வருஷத்து மாண்டே கார்லோ கார் அது. யாரோ கோழி அடைத்து வைத்திருந்ததை இழுத்து வந்து, தேய்த்து, தானே வண்ணம் அடித்தாள். டிக்கிக்குள் வரிசையாகப் பாட்டரிகள், அதற்குப் பக்கத்தில் எண்ணெய் பம்பு. சுவிட்சைத் தட்டினால் அந்த எண்ணெயின் அழுத்தத்தில் காரின் பின்பக்கம் பூனை முதுகைத் தூக்குகிற மாதிரி எழும்பும். இன்னொரு தட்டுத் தட்டினால் தரையோடு படுத்துக்கொள்ளும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கிறுக்கு ரத்தத்தில் ஊறியது. பெரிய வெள்ளி மத்தியானம் இந்தக் கார்களெல்லாம் ஊர் வீதியில் வரிசையாக ஊர்ந்து போகும், கிழடு கட்டையெல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கும். அந்த வருஷம் ஊதாக்காரிக்கு முதல் ஊர்வலம்.

"மிஹா, நேத்து ராத்திரி எங்க தூங்கின?" அமாதோ குரலைத் தணித்துக் கேட்டார். மகள் மீது பிரியம் வந்தால்தான் ‘மகளே’ என்கிற அந்த மிஹா வரும், பயம் வந்தாலும் வரும்.

"கார்ல."

"ஏன்?"

"சுவிட்ச் பொட்டிக்கு வயர் மாத்திட்டிருந்தேன், அப்படியே கண்ணு அசந்துட்டுது. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின பொட்டி. பின்பக்கத்துச் சுவிட்ச் தலைகீழா இருக்கு. மேல தட்டினா கார் கீழ போகுது. அதைத்தான்…"

"அதைத்தான், அதைத்தான்! கண்ணாடியில உன் மூஞ்சியப் பாத்தியா? நாளைக்குக் காலையில இந்த மூஞ்சியோட கல்லூரிக்கு வண்டி ஓட்டிட்டுப் போகப் போற!"

மேசையை அடித்ததில் கரண்டி கீழே விழுந்தது. அவருடைய பயம் எனக்குத் தெரியும். மலைமேல் இருக்கிற ஆய்வுக்கூடத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகிற பேருந்தை ஓட்டுகிறவர் அவர். போகிற வழியெல்லாம் தூக்கக் கலக்கத்தில் வண்டியை ஓட்டிச் செத்தவர்களுக்காக நட்ட சிலுவைகள். அதில் இரண்டு அவர் பேருந்திலேயே தினம் போய் வந்தவர்களுக்கு. ஒவ்வொரு சிலுவையைக் கடக்கும்போதும் அவர் மகள் முகம்தான் வரும் என்று ஒஃபீலியா என்னிடம் சொல்லியிருக்கிறாள். இந்தப் பெண்ணோ படிப்பையும் விடவில்லை, வேலையையும் விடவில்லை, காரையும் விடவில்லை. தூக்கத்தைத்தான் விட்டாள்.

லியாண்ட்ரா எழுந்தாள். "சரி. வெள்ளிக்கிழமை காரை எடுக்கலை. பின்னால எண்ணெய் வேற ஒழுகுது. வீட்டுலயே கிடக்கட்டும். போதுமா?"

அதற்கப்புறம் அந்த வீட்டில் சட்டி பானைதான் பேசிக்கொண்டது.

வியாழனன்று அவளுக்குக் கடைசிச் செய்முறைத் தேர்வு. தேறினால் ஊர் ஆஸ்பத்திரியில் வேலை தயாராக இருந்தது. நடுவில் அறையைவிட்டு வெளியே வந்தால் தேர்வு போச்சு, அடுத்த வருஷம்தான். விடியற்காலையில் அவள் கொட்டகைக்குப் போய்க் காரின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ஒழுக்கைக் குனிந்து பார்த்திருக்கிறாள். நேரமாகிவிட்டதால் தூக்கியது தூக்கியபடி விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

காலை ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் நடுவில் அமாதோ வீட்டுக்கு வருவார். அன்றும் வந்தார். நேரே அடுப்படிக்கு வந்து பனோச்சாவில் விரலை விட்டு ருசி பார்த்தார். ஒஃபீலியா கரண்டியால் அந்தக் கையில் ஒன்று போட்டாள்.

"நோன்பு நாள்ல திருடித் திங்கிறியா?"

"இதைத் திங்கிறதே நோன்புதான் கிழவி." என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு பித்தளைத் திருகை எடுத்துக் காட்டினார். "கடையில கேட்டு வாங்கினேன் கொமாத்ரே. அந்த ஒழுக்கு இதுலதான். மாத்திடுவேன். நாளைக்குக் காலையில சாவியைக் கையில கொடுத்து, போய் ஊர்வலம் விடுடின்னு சொல்லப் போறேன்."

"அன்னிக்கு அந்தக் குதி குதிச்சீங்க?" என்றேன்.

"குதிச்சேன். நாலு நாளா அவ என்கூடப் பேசலை. மனுஷன் எவ்வளவு தாங்குவான்?"

"கட்டை வச்சுட்டு அடியில போ" என்றாள் ஒஃபீலியா. "எண்ணெயில நிக்கிற காருக்கு அடியில போகக்கூடாதுன்னு அவளுக்குப் பாடம் எடுத்ததே நீதான்."

"ரெண்டு நிமிஷ வேலை."

ஊருக்குத்தான் உபதேசம். சீட்டியடித்துக்கொண்டு போனார். நாங்கள் களியைக் கிண்டினோம். என் மருமகளைப் பற்றி நான் ஏதோ குறை சொல்லிக்கொண்டிருந்தேன், என்னவென்று இப்போது நினைவில்லை.

அப்போது காற்றோடு ஒரு குரல் வந்தது.

"ஒஃபீலியா."

கத்தவில்லை. மெதுவாகத்தான் வந்தது. ஆனால் அவள் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எப்போதும் கிழவிதான். இருவரும் கொட்டகைக்கு ஓடினோம்.

கொட்டகைக்குள் முதலில் தெரிந்தது அவருடைய பூட்ஸ். இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கால்களும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, மற்றதெல்லாம் காருக்கு அடியில். எண்ணெய் சொட்டுச் சொட்டாக இல்லை, நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து காரும் இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி.

"திருகு நழுவிட்டுது" என்றார் உள்ளேயிருந்து. "தோள் மாட்டிக்கிச்சு. கை வரல. அழாத, கேளு. விறகு. விறகு கொண்டாங்க."

கொட்டகைச் சுவரோரம் பின்யோன் மர விறகு அடுக்கியிருந்தது. நான் எடுத்துக் கொடுக்க, ஒஃபீலியா முழங்காலில் விழுந்து ஒவ்வொன்றாகக் காரின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் திணித்தாள். உருண்டை விறகு. ஒன்று உருண்டு வெளியே வந்தது, மறுபடி திணித்தாள். கார் அதன்மேல் உட்கார்ந்தபோது விறகு முனகியது. இறங்குவது நின்றது.

"அமாதோ? மூச்சு வருதா?"

"வருது. கொஞ்சமா வருது." நிறுத்தினார். "இடது பக்கம்தான் விறகுல நிக்குது. வலது பக்கம் இன்னும் எண்ணெயிலதான். யாரும் காரைத் தொடாதீங்க."

என் பிக்கப் வண்டியின் ஜாக்கியை இழுத்து வந்தேன். நுழையவில்லை. கார் அவ்வளவு தாழ்ந்திருந்தது. பின்பக்கமாகப் பிடித்துத் தூக்கலாமென்றால் கார் கொட்டகையின் மண்சுவரோடு ஒட்டி நிற்கிறது, ஒரு கோழி கூட நுழையாது. சாலையில் அத்தனை பேர் நடந்து போகிறார்கள், வயலுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினால் காற்று வாயிலேயே திருப்பி அடிக்கிறது. தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டேன். உடனே கிளம்புகிறோம், ஆனால் சாலை முழுக்க யாத்திரைக் கூட்டம், ஊர்ந்துதான் வர முடியும் என்றார்கள்.

திரும்பிப் பார்த்தால் ஒஃபீலியா கார் ஜன்னலுக்குள் கையை விட்டிருந்தாள். சுருள் வயரில் தொங்குகிற சுவிட்ச் பெட்டி அவள் கையில் இருந்தது. நான்கு சுவிட்சுகள். ஒன்றிலும் ஒரு எழுத்து கிடையாது.

"பின்பக்கத்துது எது?" அவள் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"வலது கோடி" என்றார் அமாதோ. "ஆனா தட்டாத."

"பம்பு தூக்கிடுமில்ல?"

"தூக்கிடும். ஒழுக்கைவிட பம்பு வேகம். ஒரு நொடி போதும், கொமாத்ரே காலைப் பிடிச்சு இழுத்துடலாம். ஆனா எந்தப் பக்கம் தட்டினா தூக்கும்? தலைகீழா இருக்குன்னாளே."

"அதைச் சரி பண்ணிட்டேன்னாளா, பண்ணப் போறேன்னாளா?"

"தெரியலையே" என்றார்.

"நீங்க அவளை வாக்கியத்தை முடிக்க விட்டாத்தானே" என்றேன். காருக்கு அடியில் கிடக்கிற மனிதரிடம் பேசுகிற பேச்சா அது? பயத்தில் எனக்கு எப்போதுமே நாக்குத்தான் முதலில் ஓடும்.

தப்பாகத் தட்டினால் வலது பக்கமும் இறங்கும். முழுப் பாரமும் உருண்டை விறகுமேல் வரும். விறகு உருளும். அதற்குமேல் நான் நினைக்கவில்லை.

"பிள்ளையைக் கேக்கிறேன்" என்றாள் ஒஃபீலியா.

"வேண்டாம்." அடியிலிருந்து வந்த சத்தத்தில் இருமல் கலந்திருந்தது. "தேர்வுல இருக்கா. கூப்பிட்டா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா. மூணு வருஷம் தூங்காம படிச்சிருக்கா. நான் தாங்கிக்கிறேன். அவங்க வர்ற வரைக்கும் தாங்கிக்கிறேன்."

அப்போது வலது பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பல்லைக் கடிக்கிற மாதிரி. கார் ஒரு விரல் அகலம் சாய்ந்தது.

நான் கல்லூரிக்குப் போன் போட்டேன். அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தாள். லியாண்ட்ராவைக் கேட்டேன்.

"தேர்வு நடக்குதும்மா. அவங்க போனெல்லாம் கூடையில கிடக்கு. என்ன விஷயம்?"

"ஒரே ஒரு கேள்வி கேக்கணும். பின்பக்கத்துச் சுவிட்சு, மேல தட்டினா தூக்குமா, கீழ தட்டினா தூக்குமா? அவ்வளவுதான். காரணத்தைச் சொல்லாதீங்க."

"நான் த்ரூச்சாஸ் ஊர்க்காரி. என் தம்பிகிட்டயும் அப்படி ஒரு கார் இருக்கு" என்றாள் மெதுவாக. "அடியில யாரு?"

"அவ அப்பா. சொல்லிடாதீங்க. வெளிய வந்தா தேர்வு போயிடும்."

"கேட்டாலே அவளுக்குத் தெரிஞ்சுடும்மா. போனை வச்சுடாதீங்க." நாற்காலி தள்ளுகிற சத்தமும் ஓடுகிற செருப்புச் சத்தமும் கேட்டன.

காத்திருந்தோம். கொட்டகைத் தகரம் காற்றில் படபடத்தது. அடுப்பில் விட்டுவந்த பனோச்சா தீய்கிற வாசனை அதுவரை வந்தது. ஒஃபீலியா சுவிட்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜெபித்தாள், நடுவில் மறந்து மறந்து முதலிலிருந்து தொடங்கினாள். நான் ஒரு கையில் போனையும் இன்னொரு கையில் அமாதோவின் கணுக்காலையும் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். அந்தக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு நடுக்கம் குறையத் தொடங்கியது. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. "கீழ" என்றாள் அந்தப் பெண், மூச்சிரைக்க. "கீழ தட்டணுமாம். ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் கீழன்னுதான் சொன்னா."

"கீழ" என்றேன் ஒஃபீலியாவிடம்.

அவள் என்னைப் பார்த்தாள். "கீழன்னா கீழதானே போகும், ப்ருதி?" கொமாத்ரே என்பதை மறந்து பேர் சொன்னாள். குழந்தை கேட்கிற மாதிரி இருந்தது.

"எம் மக சொன்னா தட்டு" என்றார் அமாதோ. வார்த்தை காற்றாகத்தான் வந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கீழே தட்டினாள்.

டிக்கிக்குள் பம்பு வீறிட்டது. கார் குலுங்கியதில் முட்டுக் கொடுத்திருந்த விறகு உருண்டு வந்து என் முழங்காலில் மோதியது. போச்சு என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் அடியில் வெளிச்சம் தெரிந்தது. கார் எழும்பியிருந்தது. இரண்டு காலையும் பிடித்து இழுத்தேன், என்ன பலத்தில் இழுத்தேனோ, அவர் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு என் மடிமேலேயே வந்து விழுந்தார். ஒஃபீலியா சுவிட்சை விட்டாள். சற்று நேரத்தில் ஊதாக்காரி மறுபடி சத்தமில்லாமல் இறங்கத் தொடங்கி, அவர் கிடந்த இடத்தில் வயிறு படப் படுத்துக்கொண்டாள்.

கீழே விழுந்திருந்த போனிலிருந்து அந்தப் பெண் கூவிக்கொண்டிருந்தாள். "வந்துட்டார்" என்றேன். "உயிரோட இருக்கார்." ஓடுகிற செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டு விலா எலும்பு முறிவு, தோள் பிசகல். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுச் சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். விஷயம் பரவிச் சனம் வந்துவிட்டது. அவருடன் பேருந்து ஓட்டுகிறவர்கள், ஒஃபீலியாவின் அக்கா, யார் யாரோ. தீய்ந்த பனோச்சாவின் மேல்பகுதியை வழித்து நான் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தேன். கருகியிருந்தாலும் இறுகியிருந்தது.

லியாண்ட்ரா வந்தாள். கூட்டம் வழிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தேறிட்டியா?" என்றார் அவர்.

"தேறிட்டேன்."

"அப்ப சரி" என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்கு ஓடியது. "திட்டுறதுன்னா திட்டு மிஹா. கட்டை வைக்கலை."

அவள் திட்டவில்லை. எழுந்து வெளியே போனாள். திரும்பி வருவாள் வருவாள் என்று பார்த்து, நான் கொட்டகைக்குப் போனேன்.

சுவிட்ச் பெட்டியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு விறகின்மேல் உட்கார்ந்திருந்தாள். வயர்களை ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லவேளை, நீ சொன்ன" என்றேன்.

"ஞானம்மா." தலை நிமிரவில்லை. "எனக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"அதை மாத்தினேனா இல்லையான்னு தெரியாது. சனிக்கிழமை முழுக்க நின்னுட்டு வந்தேன். கார்ல உக்காந்தேன், கையில திருப்புளி இருந்துது. அதுவரைக்கும் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் விடிஞ்சிருந்துது. பொட்டி மூடியிருந்துது. யாரு மூடினா, நான்தான் மூடியிருக்கணும், ஆனா மாத்திட்டு மூடினேனா, மாத்தாம மூடினேனா? எவ்வளவு யோசிச்சாலும் அங்க ஒண்ணுமே இல்ல. இருட்டுதான்."

"காலையில காரைத் தூக்கினியே?"

"தூக்கினேன். எப்படித் தூக்கினேன்? கை தானா போச்சு. ராத்திரி பூரா படிச்சுட்டு, பாதித் தூக்கத்துல. மேல தட்டினேனா கீழ தட்டினேனா, கைக்குத்தான் தெரியும்."

நானும் விறகின்மேல் உட்கார்ந்தேன்.

"அப்போ கீழன்னு எப்படிடி சொன்ன?"

"தெரியலைன்னா அம்மா மேலதான் தட்டியிருப்பா. யாரா இருந்தாலும் மேலதான் தட்டுவாங்க. தலைகீழா இருந்தது மட்டும்தான் எனக்கு நிச்சயமா ஞாபகம். அதனால கீழன்னேன்." கத்தரியால் இன்னொரு வயரை நறுக்கினாள். "அந்த அக்கா நிச்சயமான்னு ரெண்டாந்தடவை கேட்டாங்க. மாத்திச் சொல்லிடலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டுது, ஞானம்மா. மேலன்னு. வாயைத் திறந்துட்டேன். எப்படிக் கீழன்னு வந்துதுன்னு தெரியலை."

வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அமாதோ வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். விலா வலியில் நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ரெண்டு தடவை கேட்டிருக்காங்க. ரெண்டு தடவையும் கீழதான். தேர்வு நடுவுல. தடுமாறவே இல்ல. எம் பிள்ளை மூளையில எல்லாம் எழுதி வச்சிருக்கு. நான்தான் முட்டாள், அவளைப் போய்ப் படிப்பா காரான்னு கேட்டேன்."

யாரோ சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள்.

லியாண்ட்ரா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "சொல்லிடாதீங்க" என்றாள். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க." நான் அவளை அணைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் தூங்கியிருந்தாள், கத்தரி கையிலேயே இருந்தது. அதை மெல்ல உருவி எடுத்தேன். என் மேல்சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்து விறகின்மேலேயே சாய்த்துவிட்டு வந்தேன்.

தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் நுழைந்ததும் அமாதோவின் முகம் மலர்ந்தது.

"கொமாத்ரேதான் போனைப் பிடிச்சுட்டிருந்தாங்க. நீங்களே சொல்லுங்க கொமாத்ரே. எம் மக தடுமாறினாளா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்ல" என்றேன். "தடுமாறவே இல்ல."

பனோச்சாத் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, இன்னொரு கையிலிருந்த கத்தரியை ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டேன்.